கடைமடை வரை நெய்யாறு

நுழையும் முன்

ஆற்றில் ஓடும் நீர் தானாக வயலுக்கு வருவதில்லை. அதனைத் தேக்க ஓர் அணை வேண்டும். கொண்டு செல்லக் கால்வாய் வேண்டும். பகிர்ந்தளிக்க ஒரு முறை வேண்டும். இம்மூன்றில் எது குறைந்தாலும் கடைசி வயலில் இருக்கும் உழவருக்கு நீர் கிட்டாது. கேரளத்தின் தென்கோடியில் உள்ள நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளின் வழியாக ஓடும் ஒரு பாசன அமைப்பின் கதையை இப்பாடம் கூறுகிறது.

எல்லையில் ஓர் ஊர்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்து பாலராமபுரம், நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைக் கடந்து பாறசாலையை அடைகிறது. அங்கிருந்து சிறிது தொலைவில் களியக்காவிளை வந்துவிடும். இடையில் மலையோ கடலோ இல்லை; பெயர்ப் பலகைகளின் எழுத்து மட்டும் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறுகிறது. இப்பக்கத்துச் சந்தையில் அப்பக்கத்து வாழைக்குலை விற்கப்படுகிறது. அப்பக்கத்துக் கொத்தனார் இப்பக்கத்தில் வீடு கட்டுகிறார். ஒரே குடும்பத்தில் அக்காள் ஒரு மாநிலத்திலும் தங்கை மற்றொரு மாநிலத்திலும் வாழ்க்கைப்பட்டிருப்பர்.

நிலத்தின் அமைப்பும் இரு பக்கத்திலும் ஒன்றே. சிறு சிறு குன்றுகளும் அவற்றுக்கிடையே தாழ்வான பள்ளங்களும் மாறி மாறி வரும். குன்றுச் சரிவில் தென்னை, மரச்சீனி, வாழை, இரப்பர் ஆகியன வளரும். பள்ளத்தில் நெல் விளையும். அப்பள்ளத்து வயற்பரப்பை இரு பக்கத்து மக்களும் ‘ஏலா’ என்றே அழைக்கின்றனர். குமரி மாவட்டத்து உழவர்கள் ஆண்டில் இரு போகம் நெல் விளைவித்தனர். அவற்றுக்குக் ‘கன்னிப்பூ’, ‘கும்பப்பூ’ என்று பெயர். பூ என்பது இங்கே மலரைக் குறிக்கவில்லை. விளைச்சற் பருவத்தைக் குறிக்கிறது.

மழை பெய்யும் நாட்டில் அணை எதற்கு?

இப்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அவ்வாறிருக்க அணை எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

நெய்யாறு மேற்குத் தொடர்ச்சி மலையில், அகத்தியமலைப் பகுதியில் தோன்றுகிறது. அகத்தியமலையின் உயரம் 1,868 மீட்டர். அங்கிருந்து இறங்கும் ஆறு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் மட்டுமே ஓடிப் பூவாற்றில் அரபிக்கடலில் கலக்கிறது. காவிரியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய ஆறு. உயரமான மலையிலிருந்து குறுகிய தொலைவில் கடலை அடைவதால், பெய்த மழை நின்று நிதானிக்காமல் விரைந்து ஓடிவிடும். மழைக்காலத்தில் கரை புரளும் ஆறு, கோடையில் மணல் தெரியக் கிடக்கும். ஆனால் பயிருக்கோ மழை பெய்யாத நாளிலும் நீர் வேண்டும்.

ஒரு ஏக்கர் வயலில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்க வேண்டுமாயின் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் நீர் தேவை. வீட்டு மாடியில் வைக்கும் 1,000 லிட்டர் தொட்டிகள் இருநூறு நிறையும் அளவு அது. இது ஒரே ஒரு முறை பாய்ச்சுவதற்கு மட்டும். நாற்று நடுவதிலிருந்து கதிர் முற்றும் வரை பலமுறை பாய்ச்ச வேண்டும். மழைக்கால நீரைத் தேக்கி வைத்தாலன்றி இவ்வளவு நீரைத் தருவது இயலாது.

இவ்வுண்மையைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். குடபுலவியனார் என்னும் புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறிய அறிவுரை புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கி வைக்கும் அரசனே நிலைத்த புகழ் பெறுவான் என்பது அதன் கருத்து.

அணையும் இரு கால்வாய்களும்

திருவிதாங்கூர்–கொச்சி அரசின் காலத்தில் நெய்யாற்றுப் பாசனத் திட்டம் தொடங்கப்பெற்றது. கள்ளிக்காடு என்னும் ஊருக்கு அருகில் ஆற்றின் குறுக்கே கல்லணை எழுந்தது. 1958-ஆம் ஆண்டில் அது கட்டி முடிக்கப்பட்டது. அணையின் உயரம் 56 மீட்டர். நீளம் 294 மீட்டர். அதன் நீர்த்தேக்கம் ஏறத்தாழ 10.6 கோடி கன மீட்டர் நீரைக் கொள்ளும்.

அணையிலிருந்து இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. ஆறு ஓடும் திசையை நோக்கி நின்றால் வலக்கைப் பக்கம் செல்வது வலதுகரைக் கால்வாய். இடக்கைப் பக்கம் செல்வது இடதுகரைக் கால்வாய். வலதுகரைக் கால்வாய் காட்டாக்கடை, பாலராமபுரம் பகுதிகளை நோக்கிச் செல்கிறது. இடதுகரைக் கால்வாய் தெற்கு நோக்கித் திரும்பி, பாறசாலைப் பக்கத்து ஊர்களுக்கு நீர் தந்து, எல்லையைக் கடந்து விளவங்கோடு வட்டத்தினுள் நுழைகிறது. அங்கே இதனை மக்கள் ‘நெய்யாறு இடதுகரைச் சானல்’ என்பர். விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கர் நிலம் இக்கால்வாயின் பாசனப் பரப்பாகும்.

நீர் எவ்வாறு நடக்கிறது?

கால்வாயில் நீரைத் தள்ளுவதற்கு எந்த இயந்திரமும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடும் நீரின் இயல்பு ஒன்றே அதனைப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு நடத்திச் செல்கிறது. ஆகவே கால்வாய் வெட்டுவதில் பொறியாளர் கவனிக்க வேண்டிய முதற் செய்தி, சரிவு.

சரிவு மிகுந்தால் நீர் விரைந்து ஓடிக் கரையை அரிக்கும். சரிவு குறைந்தால் நீர் தயங்கி நிற்கும். வண்டல் படிந்து கால்வாய் தூர்ந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கணக்கிட்டு, முதலிலிருந்து கடைசி வரை அதே சரிவைக் காக்க வேண்டும்.

இரண்டாம் செய்தி, உயரம். வயலைவிடக் கால்வாய் உயரத்தில் இருந்தால்தான் மதகைத் திறந்தவுடன் நீர் வயலில் இறங்கும். எனவே கால்வாய் பள்ளத்தின் நடுவே செல்லாமல் குன்றின் இடுப்பை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும். நேராகச் சென்றால் இரண்டு கிலோமீட்டரில் அடையக்கூடிய ஊரை நான்கு கிலோமீட்டர் சுற்றி அடைவதும் உண்டு. சுற்றிச் செல்வதை வீண் என்று எண்ணலாகாது. அவ்வாறு சுற்றுவதனால்தான் அதன் கீழுள்ள நிலம் முழுவதும் நீர் பெறுகிறது.

மூன்றாம் செய்தி, பள்ளங்களைக் கடத்தல். ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குச் செல்லுகையில் நடுவில் ஆழமான பள்ளம் குறுக்கிட்டால், தூண்கள் எழுப்பி அவற்றின்மேல் தொட்டி போன்ற வழி அமைத்து நீரைக் கடத்துவர். இதுவே தொட்டிப்பாலம். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு குமரி மாவட்டத்திலேயே உள்ளது. பறளியாற்றின் மேலே நூறடிக்கும் மிகுந்த உயரத்தில் 1966-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலம் 28 தூண்களின்மேல் நிற்கிறது. சிற்றாறு பட்டணங்கால்வாய்த் திட்டத்தின் நீர் அதன் வழியாகவே ஒரு மலையிலிருந்து மற்றொரு மலைக்குச் செல்கிறது. காமராசர் காட்டிய முனைப்பால் உருவான பாலம் அது. கீழே ஆறு ஒரு திசையில் ஓட, மேலே கால்வாய் வேறொரு திசையில் ஓடும் காட்சியைக் காணப் பலரும் அங்கு வருகின்றனர்.

இவ்வாறு வந்த நீர் கால்வாயிலிருந்து கிளைக் கால்வாய்க்கும், அதிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து மடை வழியாக வயலுக்கும் பிரிகிறது. வழியிலுள்ள குளங்களும் இதனால் நிறைகின்றன. மண்ணில் ஊறும் நீர் கிணறுகளின் ஊற்றைப் பெருக்குகிறது. ஆதலால் கால்வாயில் நீர் வந்தால், வயல் இல்லாத வீட்டாரின் கிணற்றிலும் நீர் ஏறும்.

தலைமடையும் கடைமடையும்

கால்வாயின் தொடக்கத்தில் உள்ள வயல் தலைமடை. முடிவில் உள்ள வயல் கடைமடை. தலைமடை உழவர் வேண்டியபோது வேண்டிய அளவு நீரை எடுத்துக்கொள்ள முடியும். கடைமடை உழவரோ, மேலே உள்ள அனைவரும் அளவோடு எடுத்தபின் எஞ்சுவதையே பெறுகிறார். வழியில் ஒருவர் தம் மடையை இரவு முழுவதும் திறந்து வைத்தால், அதன் விளைவு அடுத்த வயலில் தெரியாது. பல கிலோமீட்டர் தள்ளிக் கடைமடையில் வெடித்த நிலமாகத் தெரியும்.

இதனால் பாசனம் வளர்ந்த நாடுகளிலெல்லாம் பகிர்வுக்கு ஒரு முறையும் வளர்ந்தது. தமிழ்நாட்டில் முறைப்பாய்ச்சல் என்னும் வழக்கம் உண்டு. இன்ன நாளில் இன்ன நேரம் இன்ன வயலுக்கு என்று வகுத்து நீர் விடுவர். ஏரிப் பாசனமுள்ள ஊர்கள் பலவற்றில் நீர் பிரித்து விடுவதற்கென்றே ‘நீர்க்கட்டி’ என்னும் பணியாளர் இருந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. நிலவுடைமையாளர் தாமாகவே மடையில் கைவைக்கக் கூடாது.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டும் இங்கே பொருந்தும். ஸ்பெயின் நாட்டின் வாலென்சியா நகரில் தூரியா ஆற்றுக் கால்வாய்களைச் சேர்ந்த உழவர்கள் தமக்கென ஒரு நீர் நீதிமன்றம் வைத்துள்ளனர். வியாழக்கிழமை நண்பகலில், நகரப் பேராலயத்தின் வாயிலருகே அது கூடும். எட்டுக் கால்வாய்களின் உழவர்கள் தேர்ந்தெடுத்த எண்மர் அதில் அமர்வர். அவர்களும் உழவர்களே. வழக்கு வாய்மொழியாகவே நடக்கும். தீர்ப்பும் அங்கேயே கூறப்படும். எந்தக் கால்வாயைச் சேர்ந்தவர்மீது குற்றம் சாட்டப்பட்டதோ, அந்தக் கால்வாயின் சார்பாளர் அத்தீர்ப்பில் பங்கு கொள்வதில்லை. யுனெஸ்கோ அமைப்பு 2009-ஆம் ஆண்டில் இம்முறையை மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. ஒரே ஊராரிடையே எழும் தண்ணீர்ச் சிக்கலை நேருக்கு நேர் அமர்ந்து தீர்க்கலாம் என்பதற்கு அது சான்று.

நடுவில் வந்த எல்லை

நெய்யாற்றுத் திட்டம் வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. அணை கட்டி முடியும் முன்பே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழி அடிப்படையில் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் புதிதாகப் பிறந்த கேரள மாநிலத்தில் நின்றது.

தாய்மொழியால் ஒன்றுபட வேண்டும் என்று நெடுங்காலம் போராடிய தமிழ் மக்களுக்கு அது மகிழ்ச்சியான நாள். ஆயினும் அந்நாளில் வரையப்பட்ட எல்லைக்கோடு கால்வாயின் குறுக்கேயும் சென்றது. தலைமடை ஒரு மாநிலத்திலும் கடைமடை மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன.

எல்லை வந்தபின்னும் நீர் வந்தது. இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்குப் பல ஆண்டுகள் நீர் தந்தது. 2004-ஆம் ஆண்டில் அது நின்றது. ஆறு தங்கள் மாநிலத்திற்குள்ளேயே ஓடுவது, மாநிலத்திற்கு வெளியே நீர் தர முறையான உடன்படிக்கை வேண்டும் என்பது கேரளத்தின் நிலை. விளவங்கோட்டையும் சேர்த்தே திட்டம் வகுக்கப்பட்டது, அந்நிலத்துக்குரிய பங்கு தொடர வேண்டும் என்பது தமிழ்நாட்டின் நிலை. இரு அரசுகளும் பேசின. முடிவு காணாத நிலையில் தமிழ்நாடு அரசு 2012-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

கேரளத்தின் பக்கத்திலும் தேவைகள் பெருகியுள்ளன. 2017-ஆம் ஆண்டுக் கோடையில் திருவனந்தபுரம் நகரத்திற்குக் குடிநீர் குறைந்தபோது, நெய்யாற்று நீர்த்தேக்கத்திலிருந்து அருவிக்கரைக்கு நீர் இறைத்து அனுப்பப்பட்டது. வயலுக்காகக் கட்டிய அணை இன்று நகரத்தின் தாகத்திற்கும் நோக்கப்படுகிறது.

நீர் வராத கால்வாய்

நீர் ஓடாத கால்வாய் வெறும் பள்ளமாகக் கிடப்பதில்லை. முதலில் புல் முளைக்கிறது; பின்பு செடி; அதன்பின் மரம். வேர்கள் கரையைப் பிளக்கின்றன. குப்பை கொட்டும் இடமாகவும் அது மாறிவிடுகிறது. மீண்டும் நீர் விட நேர்ந்தாலும் கடைசி வரை அது செல்லாது. மறுபுறம், நெல் விளைவிக்க முடியாத உழவர் ஏலாவில் மண்ணைக் கூட்டி வாழை வைக்கிறார், மரச்சீனி நடுகிறார். ஒருமுறை மேடாக்கிய வயலை மீண்டும் நெல்வயலாக்குவது எளிதன்று.

நெல்வயல் குறைவது எல்லைக்கு அப்பால் மட்டும் நிகழ்வதன்று. நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் வயல்கள் வீட்டுமனைகளாயின. செங்கற் சூளைகளுக்காகக் களிமண் தோண்டப்பட்ட இடங்களும் உண்டு. நெல்வயல்களைக் காப்பதற்காகக் கேரள அரசு 2008-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. ஆக, கோட்டின் இரு பக்கத்திலும் உள்ள உழவரின் கவலை பெரிதும் ஒன்றே. நீர் உரிய காலத்தில் வர வேண்டும். வயல் வயலாகவே இருக்க வேண்டும்.

வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் பொறுப்பு. கால்வாயைத் தூர்க்காமல் காப்பதும், மடையை அளவோடு திறப்பதும், அடுத்தவர் வயலை நினைப்பதும் மக்களின் பொறுப்பு. அணையின் பெருமையைக் காண அணைக்குச் செல்ல வேண்டும். அப்பாசனம் நன்கு நடக்கிறதா என்று அறிய வேண்டுமானால் கடைமடைக்குத்தான் செல்ல வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

அணை – ஆற்று நீரைத் தடுத்துத் தேக்கும் கட்டுமானம்
ஏலா – பள்ளத்தில் அமைந்த நெல்வயற் பரப்பு
போகம் – ஒரு முறை விளையும் விளைச்சல்
மதகு – கால்வாயில் அல்லது ஏரியில் நீரைத் திறந்து மூடும் வாயில்
மடை – வயலுக்கு நீர் பாயும் வழி
தூர்தல் – வண்டல், குப்பை ஆகியவற்றால் நிரம்பி மேடாதல்
வண்டல் – நீர் அடித்து வந்து படியவிடும் நுண்மண்
வட்டம் – மாவட்டத்தின் உட்பிரிவு, தாலுகா

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நெய்யாறு எங்குத் தோன்றி எங்குக் கடலில் கலக்கிறது?
2. கன்னிப்பூ, கும்பப்பூ என்பன யாவை?
3. கால்வாய் ஏன் குன்றை ஒட்டி வளைந்து செல்கிறது?
4. ‘நீர்க்கட்டி’ என்பவரின் பணி யாது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. கால்வாயின் சரிவு மிகுந்தாலும் குறைந்தாலும் நேரும் தீமைகளை விளக்குக.
2. 1956-ஆம் ஆண்டின் மாற்றம் நெய்யாற்றுப் பாசனத்தில் ஏற்படுத்திய விளைவைக் கூறுக.
3. வாலென்சியா நீர் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் கால்வாய்ச் சார்பாளர் தீர்ப்பில் பங்கு கொள்ளாதது ஏன்? உன் கருத்தை எழுதுக.

இ. கணக்கிடுக.
ஒரு ஏக்கருக்கு ஒரு முறை பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் நீர் தேவையாயின், 9,200 ஏக்கருக்கு ஒரு முறை பாய்ச்ச எத்தனை கோடி லிட்டர் தேவை? விடையை எழுத்தால் எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
நீர்த்தேக்கம், தொட்டிப்பாலம், கடைமடை, முறைப்பாய்ச்சல், வயற்பரப்பு

உ. சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.
பகிர்ந்தளித்தல், தயங்கி நிற்றல், கரை புரளுதல், பொறுப்பு

ஊ. செயல்பாடு
உன் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் அவர்களுடைய சொந்த ஊரில் வயலுக்கு நீர் எங்கிருந்து வந்தது என்று கேள். ஆறு, ஏரி, குளம், கிணறு ஆகியவற்றுள் எது? அதன் பெயர் என்ன? நீர் பகிர்வதில் என்ன முறை இருந்தது? அவர்கள் கூறும் ஊர்ச் சொற்களை மாற்றாமல் அப்படியே குறித்துக்கொள். அவற்றுள் ஐந்து சொற்களை வகுப்பில் படித்துக் காட்டி அவற்றின் பொருளை விளக்குக.